தொப்பியைக் கழற்றச் சொன்ன பெண்கள்

"உன் அம்மாவை எண்ணினார்களா?"

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் பற்றிக்கொண்டது. 1929 நவம்பர் மாதம். தென்கிழக்கு நைஜீரியாவில், இக்போ என்ற இன மக்கள் வாழும் ஒலோகோ என்ற ஊர். நுவான்யெருவா என்ற பெண் தன் வீட்டில் செம்பனைப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். மார்க் எமெரெயுவா என்ற மிஷன் பள்ளி ஆசிரியர் வந்து நின்றார். பிரிட்டிஷார் நியமித்த ஒகுகோ என்ற ஊர்த் தலைவர் அனுப்பி வந்தவர். ஆடுகளையும் வீட்டு ஆட்களையும் எண்ணிச் சொல் என்றார். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தது. கர்ப்பிணியாக இருந்த மருமகள் இறந்து, துக்கம் இன்னும் ஆறவில்லை. நான் எதை எண்ணுவது என்று கேட்ட நுவான்யெருவா, அந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்டார். பேச்சு முற்றியது. இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய் வழியும் கையோடுதான் அவர் பிடித்தார்.

அடுத்த சில வாரங்களில், 20 லட்சம் பேர் வாழ்ந்த, சுமார் 6,000 சதுர மைல் பரப்பில், ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் ஊராகத் திரண்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சி அமைத்த உள்ளூர் நீதிமன்றங்களை உடைத்தார்கள், எரித்தார்கள். பிரிட்டிஷார் நியமித்த தலைவர்களின் அதிகாரத் தொப்பிகளைப் பறித்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அரசாங்கக் கோப்புகளில் இதற்கு 'அபா கலவரம்' என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் 'பெண்கள் போர்' என்கிறார்கள்.

சிறு சமூகங்களில் தலைமை எப்படி உருவாகிறது, அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தபோது இந்தப் போர் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. தொலைபேசி கிடையாது, கட்சி கிடையாது, அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. எப்படி இவ்வளவு பேர், இவ்வளவு வேகமாக, ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, ஒரே கோரிக்கையோடு வந்து நின்றார்கள்? பின்னர் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவும் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டது. பின்னால் இருந்து ஆண்கள் யாராவது தூண்டியிருக்க வேண்டும் என்ற சந்தேகம் அதிகாரிகளுக்குக் கடைசி வரை இருந்தது. யாரும் தூண்டவில்லை. அந்த ஊர்ப் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு அரசியல் அமைப்பு இருந்தது. அது வெள்ளைக்காரர்கள் கண்ணில் பட்டதே இல்லை, அவ்வளவுதான்.

இக்போ மக்களுக்கு ராஜா கிடையாது என்று அவர்களே பெருமையோடு ஒரு பழமொழி சொல்வார்கள். ஒனிட்சா, ந்ரி போன்ற சில இடங்களில் மன்னர் மரபு உண்டு; ஆனால் பெரும்பாலான பகுதிகளில் சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதிதான் மிகப் பெரிய அரசியல் வட்டம். அதற்கு மேல் யாரும் இல்லை. பொதுவான விஷயம் என்றால் சந்தைத் திடலில் கூடுவார்கள். பேச நினைக்கும் எந்த ஆணும் எழுந்து பேசலாம். பேசி ஓய்ந்ததும் பெரியவர்கள் சிலர் தனியே ஒதுங்கிப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்து முடிவைச் சொல்வார்கள். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே கூச்சல் போட்டு நிராகரித்துவிடும். மறுபடி பேச வேண்டியதுதான்.

வம்சத்தில் மூத்தவர் கையில் 'ஓஃபோ' என்ற புனிதக் கட்டை இருக்கும். நீதிக்கும் முன்னோருக்கும் அடையாளம் அது. அதை வைத்துக்கொண்டு பொய்த் தீர்ப்பு சொன்னால் அதுவே அவரைக் கொன்றுவிடும் என்று நம்பினார்கள். வசதி படைத்தவர் பட்டம் வாங்கலாம், ஆனால் அதற்கு ஊரையே கூட்டி விருந்து வைத்து, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குக் காசு கொடுத்து, சேர்த்ததில் பெரும்பகுதியைக் கரைக்க வேண்டும். அப்புறம் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. கட்டளை போட முடியாது. பேச்சுத்திறமை, கொடை, நிதானம், இவற்றால்தான் ஒருவர் தலைவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜனங்கள் அவரை விட்டு மெல்ல நகர்ந்துவிடுவார்கள்.

பெண்களுக்குத் தனிக் கூட்டம். இக்போ பெண் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவாள். அதனால் அவளுக்கு இரண்டு சங்கம்: பிறந்த ஊரின் மகள்களாக ஒன்று, வாழ்க்கைப்பட்ட ஊரின் மனைவிகளாக இன்னொன்று. மனைவிகளின் கூட்டத்துக்கு 'மிக்கிரி' என்று பெயர். சந்தை விலை, சந்தை ஒழுங்கு, மாடு மேய்ந்து நாசமான பயிருக்கு அபராதம், மனைவியை அடிக்கும் கணவனை என்ன செய்வது என்று எல்லாமே அங்கே பேசி முடிவாகும். யாருக்கு நியாயமும் நாவன்மையும் இருக்கிறதோ அந்தப் பெண் பேச எழுந்தால் மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு பெண் இரண்டு ஊரின் கூட்டங்களையும் அறிந்தவளாக இருப்பதால், ஒரு செய்தி சந்தைக்குச் சந்தை, தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே, காட்டுத்தீயாகப் பரவும். ஒலோகோவின் செய்தி போனதும் இந்த வழியாகத்தான். நுவான்யெருவா சொன்னதைக் கேட்ட பெண்கள் பக்கத்து ஊர்களுக்கு அழைப்பாகக் குருத்தோலை அனுப்பினார்கள். ஓலை கிடைத்தவர்கள் அதை அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள்.

சரி, தவறு செய்தவனை என்ன செய்வார்கள்? 'ஆளின் மேல் உட்காருவது' என்று ஒரு வழக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவன் மனைவியை விடாமல் அடிக்கிறான், சந்தை விதியை மீறுகிறான், அவன் மாடு பெண்களின் பயிரைத் திரும்பத் திரும்ப மேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறித்த நேரத்தில் பெண்கள் அவன் வீட்டுக்கு வருவார்கள். இடுப்பில் சிறு துணி, முகத்தில் கரி அல்லது சாம்பல், தலையில் சுற்றிய பெரணி இலைகள், கையில் குருத்தோலை சுற்றிய கோல். பெரணி போருக்கு அடையாளம். கோல் முன்னோர்களான தாய்மார்களின் சக்தியை அழைப்பதற்கு. வாசலில் ஆடுவார்கள், பாடுவார்கள். அவன் செய்ததையெல்லாம் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள், அவன் ஆண்மையையும் விட்டுவைக்க மாட்டார்கள். கிழங்கு இடிக்கும் உலக்கையால் அவன் குடிசையைத் தட்டுவார்கள். ரொம்பவும் முரண்டு பிடித்தால் சுவரை இடிப்பார்கள், சேற்றை அள்ளிப் பூசுவார்கள். அவன் தப்பை ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும்வரை ராத்திரி பகலாக நகர மாட்டார்கள். அந்தச் சமயத்தில் எந்த ஆணும் அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. மற்ற ஆண்கள் தலையிடவும் மாட்டார்கள். அவனே தேடிக்கொண்டது என்று இருந்துவிடுவார்கள்.

இது ஆத்திரத்தில் செய்வதாக எனக்குப் படவில்லை. கூட்டம் போட்டு, வழக்கைக் கேட்டு, முடிவெடுத்து, அதன்பின் நிறைவேற்றும் தண்டனை இது. எப்போது தொடங்கும், எப்போது முடியும், எதுவரை போகலாம் என்பதற்கெல்லாம் வரைமுறை இருந்தது. மாதக்கணக்கில் நடக்கும் நீதிமன்ற வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, சட்டென்று ஊரறிய நடந்து முடியும் இந்த நீதி முரட்டுத்தனமாகத் தெரியலாம். எனக்கு அதில் தெரிவது ஒரு பெரிய நிதானம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஜுஹ்வான்சி மக்களிடம் இதே வேலையைச் சிரிப்பு செய்தது. பெரிய மிருகத்தை வீழ்த்திவிட்டு வருபவன் பெருமையாக எதுவும் சொல்லக் கூடாது. சும்மா நெருப்பருகே வந்து உட்கார வேண்டும். மறுநாள் இறைச்சி தூக்கப் போகிறவர்கள், "இந்த எலும்புக் கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய்" என்று பழிப்பார்கள். அவனும் ஆமாம், வெறும் எலும்புதான் என்று ஒத்துப் பாடுவான். இளைஞன் ஒருவன் நிறைய வேட்டையாட ஆரம்பித்தால் அவனுக்குத் தன்னைத் தலைவனாக நினைக்கும் கர்வம் வந்துவிடும், அந்தக் கர்வம் ஒருநாள் யாரையாவது கொல்லும், அதனால்தான் முன்கூட்டியே குளிர வைக்கிறோம் என்று அவர்களே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு ஏற்பாடும் உண்டு: இறைச்சியைப் பங்கிடும் உரிமை அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பதால், வில்லெடுக்காத கிழவிகூட ஒரு நாள் ஊருக்கு இறைச்சி பங்கிடுவாள். கூட்டம் சிறியது என்பதால் அங்கே கேலியே போதும். இக்போ ஊர்கள் விவசாய ஊர்கள், நெருக்கமானவை, சொத்தும் பட்டமும் உள்ளவை. அங்கே உலக்கை தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பிரிட்டிஷார் தலைவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

1914-ல் வடக்கு, தெற்கு நைஜீரியாக்களை ஒன்றாக்கியவர் ஃபிரெடரிக் லுகார்ட். நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1858-ல் பிறந்தவர். உள்ளூர் மன்னர்களை வைத்தே ஆள்வது அவருடைய கொள்கை. வடக்கே எமிர்கள் என்ற முஸ்லிம் மன்னர்கள் இருந்தார்கள், வரிவசூல் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், திட்டம் ஓடியது. தென்கிழக்கே மன்னரே இல்லை. இல்லையென்றால் உருவாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். லுகார்டுக்கு முன்பே, நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஊருக்கு ஒருவரைப் பிடித்து 'வாரண்ட்' என்ற நியமனத் தாளைக் கொடுத்து நீதிமன்ற உறுப்பினராக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதனாலேயே இவர்களுக்கு 'வாரண்ட் தலைவர்கள்' என்று பெயர். அதிகார அடையாளமாக ஒரு தொப்பி. 1914-க்குப் பின் மாவட்ட அதிகாரிகள் இந்த நீதிமன்றங்களின் தலைமை இருக்கையிலிருந்தும் விலகினார்கள். தலைவர்களும் நீதிமன்றக் குமாஸ்தாக்களும் வைத்ததே சட்டம் ஆனது.

யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இன்னும் வேதனை. வெள்ளைக்காரன் ஆள் கேட்கிறான், எதற்கு என்று தெரியவில்லை. பயந்துபோன சில ஊர்கள் தங்கள் மதிப்புக்குரிய பெரியவரை மறைத்துவிட்டு, போனாலும் பரவாயில்லை என்று நினைத்த ஒருவரை முன்னே தள்ளிவிட்டன. அவரே தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஊருக்குக் கட்டளையிட ஆரம்பித்தார். பழைய தலைவர் கெட்டவரானால் ஜனங்கள் நகர்ந்துவிட்டால் போதும், அவர் தலைமை முடிந்தது. இவரை விட்டு ஊரே நகர்ந்தாலும் இவருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இவரை நிறுத்தி வைத்திருப்பது ஊர் இல்லை. மணப்பெண்ணுக்குரிய முழுப் பரிசத்தைக் கொடுக்காமலும் அவள் சம்மதம் கேட்காமலும் பெண் எடுத்தார்கள், கிழங்கையும் ஆட்டையும் பிடுங்கினார்கள், லஞ்சம் வாங்கினார்கள் என்று பெண்கள் பின்னாளில் விசாரணையில் அடுக்கினார்கள். இவர்களில் நல்லவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதனைத் தன் சுற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து விடுவித்துவிட்டால் என்ன ஆவான் என்பதற்கு ஒகுகோவைப் போன்றவர்களே சாட்சி. வாரண்ட் முறையின் பெரிய குற்றமாக நான் பார்ப்பது இதைத்தான். கெட்ட ஆட்களைப் பொறுக்கியெடுத்தது அதற்கு அடுத்தபடிதான்.

அப்புறம் வரி. 1926-27 வாக்கில் ஆண்களை எண்ணினார்கள், மக்கள்தொகைக் கணக்கு என்று சொல்லி. 1928-ல் அதே பட்டியலை வைத்து வரி வசூலித்தார்கள். அடுத்த ஆண்டு, ஒலோகோவும் அடங்கிய பெண்டே கோட்டத்துக்குத் தற்காலிகப் பொறுப்பாக வந்த கேப்டன் குக் என்ற இளநிலை அதிகாரிக்குப் பட்டியல் முழுமையாக இல்லை என்று தோன்றியது. மனைவிகள், பிள்ளைகள், கால்நடைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதச் சொன்னார். பெண்களுக்கு வரி கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு தடவை ஏமாந்தவர்கள் எப்படி நம்புவார்கள்? அதுவும் செம்பனை எண்ணெய் விலை விழுந்துகொண்டிருந்த நேரம். எண்ணெய் பிழிவதும் கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பதும் பெண்களின் உழைப்பு. பருப்பு விற்ற காசு அவர்களுடையது. அதைவிட ஆழமாக இன்னொன்று: மனிதரை எண்ணுவதே அங்கே ஆகாத காரியம். பிள்ளைகளைத் தலை எண்ணினால் கண்பட்டுவிடும் என்று என் பாட்டியும் அதட்டுவார், கோழிக்குஞ்சைக்கூட எண்ண விட மாட்டார். அதனால் நுவான்யெருவாவின் கேள்வி எனக்குச் சட்டென்று புரிந்தது. சாவு விழுந்த வீட்டில் போய் உயிரோடு இருப்பவர்களை எண்ணச் சொன்ன கொடுமையும் அதில் இருக்கிறது.

பெண்கள் ஏற்கெனவே கூடிப் பேசி வைத்திருந்தார்கள்: வதந்தியை நம்பிப் புறப்படுவதில்லை, ஒரு பெண்ணையாவது நேரில் வந்து எண்ணச் சொன்னால் அன்றைக்குப் புறப்படுவது. நுவான்யெருவா ஓடி வந்து சொன்னதும் அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. முதலில் எமெரெயுவா தங்கியிருந்த மிஷன் வளாகத்தின் முன் ஆடிப் பாடினார்கள். பிறகு ஒகுகோவின் வீடு. வழக்கப்படி ஒகுகோ இறங்கி வந்து தப்பை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவர் தன் ஆட்களை ஏவிப் பெண்களை அடிக்க வைத்தார், சிலருக்குக் காயம். தொப்பியின் துணிச்சல் அது. பெண்கள் நேராகப் பெண்டேவுக்கு நடந்து, மாவட்ட அதிகாரி கேப்டன் ஹில்லிடம் இரண்டு விஷயம் கேட்டார்கள்: ஒகுகோவைக் கைது செய்யுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். இகோனியா, நுவானெடியா, நுவுகோ என்ற மூன்று பெண்கள் ஒலோகோவின் சார்பில் பேசினார்கள். பேச்சில் கெட்டிக்காரர்கள் என்பதால் முன்னே நின்றவர்கள் இவர்கள். எந்த வாரண்டும் கையில் இல்லை. ஹில் பணிந்தார். தொப்பியை வாங்கிக் கூட்டத்துக்குள் எறிந்தார். ஒகுகோவுக்கு இரண்டு ஆண்டுச் சிறை.

ஒலோகோவில் இதோடு முடிந்தது, பெரிய ரத்தம் இல்லாமல். செய்தி மட்டும் நிற்கவில்லை. தொப்பியைக் கழற்ற முடியும் என்று தெரிந்துவிட்ட பிறகு எந்த ஊர் சும்மா இருக்கும்? ஓவெர்ரி, கலபார் மாகாணங்கள் முழுக்கப் பெண்கள் தங்கள் தங்கள் ஒகுகோக்களைத் தேடிப் போனார்கள். நீதிமன்றங்கள் உடைந்தன. அபா நகரத்தில் ஒரு ஐரோப்பியரின் கார் பெண்கள் மேல் ஏறியது. ஆத்திரத்தில் வங்கியையும் வணிகக் கம்பெனிகளின் கிடங்குகளையும் தாக்கினார்கள்.

டிசம்பர் 16 அன்று ஒபோபோ என்ற ஊரில் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பெண்கள் அதிகாரியிடம் பேச்சு நடத்தினார்கள். பெண்களுக்கு வரி இல்லை, சொத்தை எண்ணுவது இல்லை, பெண்களுக்கு வரி போட ஆதரவு தரும் தலைவர் மேல் நடவடிக்கை, சந்தைக்கு வரி இல்லை என்று கோரிக்கைகளைச் சொல்லி, அவற்றைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு, ஊர் ஊருக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். தாளை வைத்து ஆள்கிறவனிடம் தாளிலேயே வாக்குறுதி கேட்டார்கள். அதிகாரி தட்டச்சும் செய்தார். கூட்டம் பெருகி, தபால் அலுவலகத்தின் வேலி சாய ஆரம்பித்தபோது படைத்தலைவன் சுட உத்தரவிட்டான். சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஓட வழியில்லாமல் ஆற்றில் விழுந்தும் சிலர். அதற்கு முந்தைய நாள் உட்டு எட்டிம் எக்போ என்ற ஊரில் 18 பேர்.

அந்தப் பெண்கள் துப்பாக்கிக்கு நேராக ஏன் அவ்வளவு தைரியமாக நின்றார்கள்? பெரணி சூடி வந்த பெண்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த சட்டம். எதிரே நின்றவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அதிகாரிகளின் அறிக்கைகளில் அவர்கள் வெறி பிடித்த கும்பல். கூட்டம் போட்டு, நிபந்தனை வைத்து, தூது அனுப்பி, உடை உடுத்தி, கோரிக்கையை எழுத்தில் கேட்ட கும்பல்.

1930-ல் தலைமை நீதிபதி டொனால்ட் கிங்டன் தலைமையிலான குழு ஊர் ஊராகப் போய் விசாரித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள், பெண்கள் ஏராளம். நுவான்யெருவாவும் சொன்னார். ஒரு ஆளுகையின் அட்டூழியத்தைப் பற்றி எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், சொந்த வாயால், பெயரோடு, இவ்வளவு விரிவாகச் சொல்லி அந்தக் காலத்தில் பதிவானது மிகக் குறைவு. நீதிமன்றங்களில் பெண்களும் உட்கார வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அதன்பின் அரசாங்கம் உண்மையிலேயே யோசித்தது. இந்த மக்கள் எப்படித்தான் தங்களை ஆண்டுகொண்டார்கள் என்று ஊர் ஊராக ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். 1933 வாக்கில் வாரண்ட் முறை ஒழிந்தது. ஊர்த் தொகுதிகளின் பெரியவர்கள் கூட்டமாக உட்காரும் புதிய நீதிமன்றங்கள் வந்தன. இந்தப் போரின் வெற்றியாக இதைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஆராய்ந்தவர்கள் தேடியது ஆண்களின் சபையை, கிடைத்ததும் அதுதான். நீதிமன்றங்களில் பெண்கள் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் உட்கார்ந்தார்கள். மிக்கிரி எந்தச் சட்டத்திலும் இடம்பெறவில்லை. தனியார் தாங்களாகவே தண்டிப்பது குற்றம் என்று ஆகிவிட்டதால், ஆளின் மேல் உட்காருவதும் குற்றமாயிற்று. அடிபட்ட மனைவி இனி, பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருக்கும் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கட்டிப் போக வேண்டும். போரில் ஜெயித்த பெண்கள், போருக்கு முன்னால் தங்களிடம் இருந்த ஆயுதத்தையே அந்தச் சீர்திருத்தத்தில் இழந்தார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஒபோபோவுக்கு அடுத்தபடியாகக் கோபம் வரும்.

இழந்தும் ஓயவில்லை அவர்கள். 1938-ல் ஒகிக்வி, பெண்டே பகுதிகளில் மறுபடி வரிக்கு எதிராகத் திரண்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அரசாங்கம் செம்பனை ஆலைகளைக் கொண்டுவந்தது. ஆண்கள் பழத்தை அப்படியே ஆலைக்கு விற்றால் பிழியும் வேலையும் போகும், பருப்புக் காசும் போகும் என்று முதலில் கண்டுகொண்டவர்கள் பெண்கள். ஆலை வரக் கூடாது என்று ஊர் ஊராகக் கூடினார்கள். அப்போதும் அதிகாரிகள், இவர்களைத் தூண்டிவிட்டது யார் என்றுதான் கேட்டார்கள்.